பிரேக் விளக்குக்கும் காலுக்கும் நடுவில்

டிப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘நிதானம்’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வேலைக்கு வந்த புதிதில் மூத்த டிரைவர் ஒருவர் கேலியாக வைத்த பட்டம் அது. “இவன் ஓட்டுற பஸ்ல ஏறின கைக்குழந்தை இறங்கும்போது மீசையோடதான் இறங்கும்” என்று அவர் சொன்னதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வருஷங்கள் போகப் போக அந்தக் கேலியே மரியாதையாகிவிட்டது. அவர் பஸ் என்றால் ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடித் தூங்கிவிடுகிற பயணிகள் இருந்தார்கள். ஒரு டிரைவருக்கு அதைவிடப் பெரிய சர்டிபிகேட் வேறு இல்லை என்று அவர் நினைத்தார். வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

ஹாரனை வீணாகத் தொடமாட்டார். முன்னால் போகிற வண்டிக்கும் தன் வண்டிக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டுத்தான் ஓட்டுவார். அந்த இடத்தில் எவனாவது வந்து புகுந்தால் திட்டமாட்டார். மறுபடியும் இடம் விடுவார். அவரோடு ஒரே பஸ்ஸில் ஓடிய கண்டக்டருக்கு இது பொறுக்காது. யாருக்கும் மீதி கொடுக்காததால் அந்தக் கண்டக்டருக்கு ‘சில்லறை’ என்று பட்டம். “டேய், வர்றவன் போறவனுக்கெல்லாம் இடம் விட்டா நாம ரிவர்ஸ்லதான்டா போய்ச் சேருவோம்” என்று பின்னாலிருந்து கத்துவார்.

ஒரு நாள் காலை டிப்போக் குழாயடியில் முகம் கழுவும்போது, குழாயைத் திறந்த வலது கை அதை மூட மறுத்தது. பக்கவாதம். லேசானதுதான் என்றார் டாக்டர். “லேசுன்னு சொல்ல அவருக்கென்ன, வந்தது அவருக்கா?” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கேட்டாள் மனைவி.

ஆனால் டாக்டர் சொன்னது பொய்யாகவில்லை. ரப்பர் பந்தை அழுத்தி அழுத்திக் கை திரும்பியது. மாடிப்படி ஏறி இறங்கிக் கால் திரும்பியது. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்ட அன்று மனைவி சமையலறைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். உடம்பில் பலம் வந்துவிட்டது, ஓட்டச் சொல்லிப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் யார்டில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னது டிப்போ. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டால் பழைய பஸ், பழைய ரூட். போடாவிட்டால் என்ன என்று வீட்டில் யாரும் பேசவில்லை. பஸ் ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது, வேறு எதையும் அவர் விரும்பியதும் இல்லை.

அவர்களுடையது இரண்டு அறை வீடு. மனைவி சட்டைக் கம்பெனியில் காலர் தையலைச் சரிபார்க்கிறவள். மகள் படிப்பு முடித்துவிட்டுப் போன் கடை கவுன்டரில் நிற்கிறாள். வளர்ந்த பெண்ணானாலும் வீட்டில் இன்னும் ‘பாப்பா’தான். முன்னறையில் பாதியைப் பாப்பாவின் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டிருந்தது. கடையில் வாங்கிய கம்ப்யூட்டர் அல்ல. ஒரு இடத்தில் பெட்டி, ஒரு இடத்தில் பழைய பிராசசர், மூடிப்போன ஆபீஸ் ஒன்றிலிருந்து மானிட்டர் என்று எறும்பு சேர்ப்பதுபோலச் சேர்த்துத் தானே பூட்டியது. படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டு மட்டும், தோழி தூக்கிப் போட இருந்ததைக் கேட்டு வாங்கியது. அதன் விசிறி சுற்ற ஆரம்பித்தால் மிக்ஸி ஓடுகிறதா என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். கார் பந்தயம் ஆட ஒரு ஸ்டியரிங்கும் பெடலும் வைத்திருந்தாள்.

“இதுல பஸ் கிடையாதா பாப்பா?” என்று ஒரு நாள் கேட்டார்.

இருந்தது. பஸ் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றை அவள் ஏற்றிக் கொடுத்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்ப்பதற்காகத் தலையைத் திருப்பினால், கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் சுவரில் காலண்டர் தொங்கியது. மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். “தேதி பாத்துத்தான் திரும்புவீங்களா?”

காலியான சாலையில் பஸ் அழகாகப் போனது. ஊருக்குள் நுழைந்ததும்தான் சிக்கல். முன்னால் போன காரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் பார்த்தார், மிதித்தார். பஸ் காரின் முதுகில் போய் உட்கார்ந்தது. அடுத்த தெருவில் ஒரு வேன். மறுநாள் ஒரு லாரி. அவ்வளவு இடம் விட்டு ஓட்டுகிற மனுஷனுக்கு இந்தப் பொம்மை ரோட்டில் மட்டும் இடம் போதவில்லை.

“உங்க மேல தப்பில்லப்பா” என்றாள் பாப்பா. “பாருங்க, கூட்டமான இடம் வந்தாலே படம் திக்குது. விளக்கு எரிஞ்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் உங்களுக்குக் காட்டுது. கார்டு கிழடு. அதால முடியல.”

அவர் தலையாட்டினார். எந்த டிரைவருக்கும் வண்டியின் மேல் பழி போடுவது கைவந்த கலை. எங்காவது லேசாக இடித்துவிட்டு டிப்போவுக்கு வந்தால் ‘பிரேக் சரியில்லை’ என்பதுதான் முதல் வார்த்தை. மெக்கானிக்குகள் அதைக் கேட்டுக் கேட்டு, “பிரேக்குக்கு வாய் இருந்தா உங்க வண்டவாளமெல்லாம் வெளிய வந்துரும்” என்பார்கள். நிதானம் ஒருநாளும் அப்படிச் சொன்னவர் இல்லை. இப்போது, தலையை ஆட்டிய பிறகு, சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டார்:

“நல்ல கார்டு போட்டா தெரிஞ்சிருமா? லேட்டு அதுவா, நானான்னு?”

பாப்பா தட்டிலிருந்து நிமிர்ந்தாள். மனைவி அவளைப் பார்த்தாள்.

“தெரிஞ்சிரும்பா” என்றாள் பாப்பா.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனார்கள். எலெக்ட்ரானிக்ஸ் தெருவில் ஒரு மாடிக் கடை. கண்ணாடி அலமாரியில் கார்டுகள் செங்கல் செங்கலாக அடுக்கியிருந்தன. சிலவற்றில் விளக்குகள் பச்சையும் நீலமுமாக ஓடின.

“கல்யாண வீட்டு சீரியல் செட்டு மாதிரி இருக்கே” என்றார் நிதானம்.

“விளக்குக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லைங்க. சின்னப் பசங்க கேக்கறாங்க, வைக்கறோம்” என்று சிரித்தார் கடைக்காரர். கழுத்தில் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட மனிதர். பாப்பாவிடம் திரும்பினார். “என்ன பிராசசர்? பவர் சப்ளை எவ்வளவு வாட்?”

பாப்பா சொன்னாள். கடைக்காரரின் முகம் வாடியது.

பாப்பாவின் கண் போன இடம் நிதானத்துக்குத் தெரிந்தது. மூன்று விசிறி வைத்த பெரிய கார்டு. அதன் பெயரை அவள் எத்தனையோ முறை தோழிகளிடம் போனில் சொல்லக் கேட்டிருக்கிறார். அது இருந்தால் எந்த விளையாட்டையும் முழு அழகோடு ஆடலாமாம்.

“அது வேணாம்மா” என்றார் கடைக்காரர். “முதல்ல உன் பெட்டிக்குள்ள நுழையாது. நுழைச்சாலும் உன் பவர் சப்ளை அதுக்குத் தீனி போடாது. தனியா ரெண்டு ஒயர் கேக்கும். அதுக்கும் மேல, உன் பழைய பிராசசர் அதோட ஓடி வராது. பாதி நேரம் கார்டு சும்மா உக்காந்திருக்கும்.”

“லாரி இன்ஜினைத் தூக்கி ஆட்டோவுல வச்ச மாதிரி” என்றார் நிதானம்.

“அப்படியே வச்சுக்குங்க.”

இன்னொன்று பழைய கார்டு. கம்ப்யூட்டர் விளையாட்டு மையம் ஒன்று மூடியபோது வந்தது. திறன் அதிகம், விலை மலிவு. பாப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எப்படி ஓட்டியிருப்பார்கள் என்று தெரியாது, தன்னாலேயே உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார் கடைக்காரர். நிதானம் வேண்டாம் என்றார். “அது சரியில்லைன்னா மறுபடியும் அதுவா நானான்னு அதே கேள்விதான் வரும். சந்தேகம் இல்லாதது வேணும்.”

கடைக்காரருக்குப் புரியவில்லை. “எந்த கேமுக்குங்க? நிழல், தண்ணி, புல்லு எல்லாம் நல்லா தெரியணுமா?”

“நிழல் வேணாம். மரம், புல்லு ஒண்ணும் வேணாம். முன்னாடி போறவன் பிரேக் லைட் போட்டா, போட்ட உடனே எனக்குத் தெரியணும். அது போதும்.”

கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார். அவர் காலை லேசாக இழுத்து நடந்ததையும் பார்த்திருக்க வேண்டும். உள்ளே போய் ஒரு சிறிய பெட்டியை எடுத்து வந்தார். ஒற்றை விசிறிக் கார்டு. தனி ஒயர் கேட்காது, சொருகுகிற இடத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். “அலங்காரத்தை எல்லாம் குறைச்சு வச்சா உங்க பஸ் கேம் இதுல தண்ணி மாதிரி ஓடும். அதுக்கு நான் உத்தரவாதம்.”

பாப்பா மூன்று விசிறிக் கார்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, “இதையே குடுங்க அண்ணா” என்றாள்.

பில் போடும்போது கடைக்காரர் சொன்னார்: “சொருகினா மட்டும் போதாதும்மா. பழைய டிரைவரைச் சுத்தமா எடுத்துட்டு, புது டிரைவர் போடணும்.”

நிதானம் தலையைத் தூக்கினார்.

“அது சாஃப்ட்வேர் பேருப்பா” என்றாள் பாப்பா அவசரமாக.

“ஓஹோ. இங்கயும் எங்க நிலைமை அதுதானா” என்றார். மூவரும் சிரித்தார்கள். பாப்பாதான் முதலில் நிறுத்தினாள்.

“இன்னொண்ணு. மானிட்டர் ஒயரைக் கார்டோட வாயிலதான் சொருகணும்” என்றார் கடைக்காரர். “மேல இன்னொரு வாய் இருக்கும், அது மதர்போர்டோடது. அதுல சொருகிட்டு, கார்டு வேலை செய்யலைன்னு சண்டைக்கு வர்றவங்கதான் பாதிப் பேர்.”

வீட்டுக்கு வந்து, அவர் டார்ச் அடிக்க, பாப்பா கார்டைப் பூட்டினாள். ஒயரைக் கீழ் வாயில், கார்டின் வாயில், சொருகினாள். காட்சி சட்டென்று மாறியது. சாலை தடங்கலில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் வாய் பிளந்து பார்த்தார். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் வெகுதூரம் ஓட்டினார். ஊருக்குள் நுழைந்து ஒரு காரை இடித்தபோது, “புது வண்டி, கை பழகணும்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். பாப்பா நாற்காலியில் உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் படம் மறுபடியும் திக்கியது.

“அப்டேட் வரணும்பா. புதுக் கார்டுல இப்படி வரும். வந்துட்டா சரியாயிரும்” என்றாள் பாப்பா. அப்டேட் வரவில்லை. அவர் தினமும் ஓட்டினார், தினமும் இடித்தார், தினமும் “இன்னும் திக்குது” என்றார். சொல்லும்போது குரலில் வருத்தம் இருந்ததா, நிம்மதி இருந்ததா என்று அவருக்கே பிடிபடவில்லை. பார்க்க வந்த கண்டக்டர் சில்லறை திரையைப் பார்த்துவிட்டு, “இந்தக் குலுங்குற படத்துல எமதர்மனே ஓட்டினாலும் இடிப்பான்டா. இதைப் போய்ப் பெரிசா எடுத்துக்காத. யார்டுல ஒரு சுத்து, கையெழுத்து, அடுத்த நாள் நம்ம பஸ்” என்றார்.

யார்டுக்குப் போகும் வாரம் வந்தது. மனைவியும் மகளும் வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம், அவர் நெடுநேரம் ஓட்டிவிட்டு எழுந்தார். நீண்ட ஓட்டம் முடித்து இறங்கினால் சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பது டிரைவர்களின் பழக்கம். எந்தச் சக்கரம் உழைத்தது, எது பிடித்துக்கொண்டு நின்றது என்று சூடு சொல்லிவிடும். காற்றோட்டத்துக்காகப் பெட்டியின் பக்கத் தகடு கழற்றியே இருந்தது. கை தானாக உள்ளே போனது.

கார்டு சில்லென்று இருந்தது. விசிறி அசையவே இல்லை.

இவ்வளவு நேரம் ஓடிய வண்டியில் இன்ஜின் குளிர்ந்து கிடக்குமா? அவர் குனிந்து பின்பக்கம் பார்த்தார். மானிட்டர் ஒயர் மேல் வாயில், கடைக்காரர் வேண்டாம் என்ற மதர்போர்டின் வாயில், சொருகியிருந்தது. கீழ் வாயில் சொருகும்போது டார்ச் அடித்தது அவர்தான். பாப்பா இதில் தவறு செய்கிற பெண்ணும் அல்ல.

ஒயரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். அது அவருக்குத் தோன்றாமல் இல்லை. பிறகு ஒயரை உருவிக் கீழ் வாயில் சொருகினார்.

சாலை வழுக்கிக்கொண்டு வந்தது. எந்தத் திக்கலும் இல்லை. ஊருக்குள் போனார். முன்னால் ஒரு கார். நல்ல இடம் விட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்த கணமே பார்த்தார். காலுக்குச் சொன்னார். கால் போனது. ஆனால் நடுவில் ஏதோ ஒன்று இருந்தது. பக்கத்து அறையில் மணி அடிக்க, அங்கிருப்பவர் எழுந்து வந்து எடுப்பதற்கு ஆகிற நேரம்போல. பஸ் காரைத் தொட்டு நின்றது.

மறுபடி ஓட்டினார். இந்த முறை விளக்கு எரிவதைக் கண்டதும் “இப்ப” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார். விளக்கு எரிந்தது. வாய் சொன்னது. அதற்குப் பிறகுதான் கால் வந்தது. வேன், லாரி, சைக்கிள் எதுவானாலும் அப்படித்தான். வாய் முந்தியது, கால் பிந்தியது. பலம் எல்லாம் இருந்தது. மிதித்தால் பெடல் தரையைத் தொட்டது. பலத்தில் குறையில்லை. சொல் போய்ச் சேருவதில்தான் குறை.

மாலையில் பாப்பா வந்து செருப்பைக் கழற்றும்போதே திரையைப் பார்த்துவிட்டாள். வாசலிலேயே நின்றாள்.

“என் கால் லேட்டுன்னு எப்ப பாத்த?” என்று கேட்டார்.

“முதல் நாளே. நீங்க குளிக்கப் போனப்ப. ஓட்டினதை அந்த கேம் பதிவு பண்ணி வைக்கும். மெதுவா ஓட விட்டுப் பாத்தேன்.” அவள் குரல் உடைந்தது. “விளக்கு எரியுது, உங்க பெடல் சும்மா இருக்கு. இருக்கு, இருக்கு, இருந்துக்கிட்டே இருக்குப்பா.”

“அதான் ஒயரை மாத்தினியா?”

“வேற என்ன செய்யச் சொல்றீங்க? கார்டு வாங்கணும்னு சொன்னது நான். உங்க மேல தப்பில்லன்னு சொன்னது நான். எந்த வாயால மாத்திச் சொல்றது?”

“இது தெரியாமலே யார்டுக்குப் போயிருப்பேனே.”

“அதுக்குள்ள சொல்லிரணும்னுதான் தினமும் நினைச்சேன்.” அழுகைக்கு நடுவே கோபம் வந்தது. “நீங்க ஏன் அதைத் தொட்டுப் பாத்தீங்க? கம்ப்யூட்டரை யாராச்சும் தொட்டுப் பாப்பாங்களா?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளைக் கைகாட்டிப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவள் தரையில் உட்கார்ந்து நாற்காலிக் காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

மனைவி வந்ததும் விஷயத்தைச் சொன்னார்கள். அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள். கேட்டுவிட்டு, “யார்டுல ஓட்டிக் காட்டினா போதும்ல?” என்றாள். “வெளிய யாருக்கும் தெரியாதுல்ல?” என்றாள் இன்னும் மெதுவாக. பிறகு அவளே, “நான் ஒரு கூறு கெட்டவ” என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

யார்டில் இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். பயிற்சிக் காலத்தில் நிதானத்தின் பஸ்ஸில்தான் ஓட்டக் கற்றவர். சில்லறை கையாட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். நிதானம் ஏறி உட்கார்ந்தார். இருக்கையின் அழுத்தம், ஸ்டியரிங்கின் தேய்ந்த விளிம்பு, டீசல் வாசனை. ஒரு தடவை ஓட்டிவிட்டு இறங்கலாம் என்று ஆசைப்பட்டார். குறியாக வைத்திருந்த டிரம்களுக்கு நடுவே வளைத்து எடுத்தார். கோட்டின் மேல் பிசகாமல் ரிவர்ஸ் வந்தார். ஒரு தட்டு இல்லை, ஒரு குலுக்கல் இல்லை.

“அண்ணே, நேத்து இறங்கி இன்னைக்கு ஏறின மாதிரி இருக்கு” என்று பேனாவைத் திறந்தார் இன்ஸ்பெக்டர்.

“எழுதாதப்பா. கால் லேட்டா வருது.”

“எங்க வந்துச்சு? இப்ப பாத்தேனே!”

“யார்டுல யாரும் குறுக்க வரமாட்டாங்க.”

சில்லறை ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் குதித்தார். “பைத்தியமாடா உனக்கு? ஒரு விளையாட்டுப் பெட்டியைப் பாத்துட்டா சோத்துல மண்ணைப் போட்டுக்குவ? அது என்ன பெரிய டாக்டரா?”

“பெட்டி மேலதான்டா இவ்வளவு நாள் பழி போட்டேன். புதுசு வாங்கிப் போட்டும் பாத்தாச்சு. இனிமே பழி போட எதுவும் மிச்சமில்ல.”

சில்லறை பஸ்ஸின் டயரை ஓங்கி உதைத்தார். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், அதுவரை நேரக் காப்பாளர் அறையில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கித் தருகிறேன் என்றார். நிதானம் சரி என்றார்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் டிரைவருக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது. ஓட்டியவன் சின்னப் பையன், முகம் பழக்கம் இல்லை. ஆனால் இவரைக் கண்ணாடியில் அடையாளம் கண்டுகொண்டான்.

“அண்ணே, வணக்கம்! எப்பண்ணே டூட்டிக்கு?”

பதில் சொல்வதற்குள், நிறுத்தியிருந்த ஒரு வேனின் மறைவிலிருந்து பள்ளிக்கூடப் பை மாட்டிய ஒரு சிறுமி சாலைக்குள் ஓடி வந்தாள். பஸ் குலுங்கி நின்றது. நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். சிறுமி திடுக்கிட்டுப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடிப் போனாள்.

அப்புறம்தான் அவருடைய வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்தியது.

பையன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி கண்ணாடியைப் பார்த்தான். “என்னண்ணே, எப்ப வர்றீங்கன்னு கேட்டேனே?”

“நீ ரோட்டைப் பாத்து ஓட்டு தம்பி” என்றார் நிதானம். “நல்லா ஓட்டற.”